வழி மறிக்கும் மதில்கள்: ஆனைமலை முதல் பெரியாறு வரை

மதில் என்றால் நமக்குக் காவல். பகை வராமல் தடுப்பது, ஊரை உள்ளே வைத்துக் காப்பது மதில். ஆனால் வெளியே நிற்கிறவனைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு அந்த மதிலே பகைவன்தான். கையில் வாள் இல்லை, வாயில் வசவு இல்லை, சும்மா நின்றுகொண்டே வழியை மறிக்கும் பகைவன். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பக்கம் வாழும் நமக்கு இந்தப் பகைவனோடு நெடுநாள் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தின் வரலாற்றை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

ஜப்பானியச் சுவர்ப் பேய்

நம்ம வீட்டுப் பிள்ளைகளிடம் மாரியோ விளையாட்டைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1996-இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ 64' என்ற வீடியோ விளையாட்டில் 'வொம்ப்' என்றொரு எதிரி வரும். கல் பலகைக்குக் கைகால் முளைத்தாற்போல இருக்கும். வழியில் நின்று மறிக்கும்; கிட்டே போனால் குப்புற விழுந்து ஆளை நசுக்கப் பார்க்கும். முகப்பக்கம் மோதி அதை வெல்ல முடியாது. விழுந்து கிடக்கும்போது அதன் முதுகில் ஏறிக் குதித்தால் உடைந்து போகும்.

இந்தப் பாத்திரத்துக்கு மூலம் 'நுரிகாபே' என்ற ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை என்பர். 'பூசிய சுவர்' என்பது அப்பெயரின் பொருள். இரவில் நடந்து போகிறவன் முன்னே திடீரென்று கண்ணுக்குத் தெரியாத சுவர் எழும்பி நிற்குமாம். மேலே அடித்தால் பயனில்லை. கோலால் அடிப்பக்கத்தைத் தட்டினால் மறைந்துவிடுமாம். ஃபுகுவோகா மாநிலத்துக் கடற்கரையில் வழங்கிய இந்த நம்பிக்கையை யானகிதா குனியோ என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர் பதிவு செய்தார்.

நம்முடைய ஆடுபுலி ஆட்டத்திலும் இதே தத்துவம்தான். மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடுகள். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. அது செய்யக்கூடியது ஒன்றே: கூட்டமாக நின்று மதிலாவது. புலி நகர இடமில்லாமல் போனால் ஆடு வென்றது. ஆக, வழி மறிப்பதே ஒரு போர்முறை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

மலை மதிலும் அதன் வாசலும்

நமது பகுதியின் முதல் மதில் மேற்குத் தொடர்ச்சி மலை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடுக்கி மாவட்டத்து ஆனைமுடி 2,695 மீட்டர் உயரம். இந்த நீண்ட மதிலில் இயற்கை விட்ட பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். அகலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மேல்காற்றும் மழை ஈரமும் கோவைப் பக்கம் நுழைவது இதன் வழியாகத்தான். வணிகனும் இதே வழியாகத்தான் போனான், வந்தான்.

கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தன. நொய்யல் கரைக் கொடுமணலில் மணி செய்யும் தொழில் நடந்ததற்கும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளுக்கும் அகழாய்வுச் சான்று உள்ளது. மேற்குக் கரையில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. கிழக்கையும் மேற்கையும் இணைத்த நூல் இக்கணவாய். பாலக்காட்டு ஜைனமேட்டில் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரபிரபருக்குக் கருங்கல் கோயில் நிற்பதும் இந்தப் போக்குவரத்தின் எச்சம் எனலாம். வணிகன் எங்கே தங்கினானோ அங்கே பள்ளி எழும்பியது.

நெடுங்கோட்டை

இரண்டாவது மதில் மனிதன் கட்டியது. 1766-இல் ஹைதர் அலி மலபாரைப் பிடித்தார்; பாலக்காட்டுக் கோட்டையையும் கட்டினார். இன்று மாலை நேரத்தில் ஊரார் சுற்றிவந்து நடை பழகும் அதே அகழிக் கோட்டைதான். மைசூர்ப் படை தெற்கே இறங்கிவிடுமோ என்று அஞ்சிய திருவிதாங்கூர், கொச்சி நாட்டு மண்ணின் ஊடாகவே ஒரு நீண்ட மதிலை எழுப்பியது. மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா. மேற்பார்வை டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைவீரர் இவர். பின்பு திருவிதாங்கூருக்கே படைத்தலைவர் ஆனார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டையில் இவருடைய கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது.

மேற்கே கடலை ஒட்டிய வைப்பின் பக்கம் தொடங்கி, கிழக்கே ஆனைமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 30 மைல் நீளம். பெரும்பகுதி மண் மதில். முன்னால் 16 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட அகழி, அடர்ந்த மூங்கில் வேலி, இடையிடையே கொத்தளங்கள். இதுவே நெடுங்கோட்டை. ஆங்கிலேயர் ஏடுகளில் 'திருவிதாங்கூர் லைன்ஸ்'.

தமக்குக் கப்பம் கட்டும் கொச்சியின் மண்ணில் இந்த மதில் நிற்கிறது, இடித்துத் தள்ளுங்கள் என்றார் திப்பு சுல்தான். திருவிதாங்கூர் மறுத்தது. கொடுங்கல்லூர்க் கோட்டையையும் டச்சுக்காரரிடம் 1789-இல் விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் திப்புவின் படை மதிலின் காவல் குறைந்த இடத்தில் ஏறி, மதில் மேலேயே வாசலை நோக்கி நகர்ந்தது. பக்கத்திலிருந்து ஒரு சிறு குழு, இருபது பேர் என்பர், திடீரென்று சுட்டது. முன்னே நின்றவர் திரும்ப, பின்னே வந்தவர் நெருக்க, பெருங்கூட்டம் அகழிக்குள் சரிந்தது. சுல்தானின் பல்லக்கும் முத்திரைகளும் அங்கேயே கிடந்தன. நேர்ப்போரில் அஞ்சாத படையை ஒரு மண் சுவரும் பள்ளமும் திருப்பி அனுப்பின.

ஆனால் மதிலின் வெற்றி மூன்றரை மாதம்தான். பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து 1790 ஏப்ரலில் திப்பு அதைத் தகர்த்தார். ஆலுவா வரை வந்த படையை அப்புறம் தடுத்தது பெரியாற்று வெள்ளமும், கிழக்கே கும்பெனிப் படை கிளம்பிய செய்தியும். இந்தத் தாக்குதலே மூன்றாம் மைசூர்ப் போருக்குக் காரணமாயிற்று. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாலக்காடு உட்பட மலபார் முழுதும் கும்பெனி கைக்குப் போனது. மதில் கட்டியவரும் நாட்டை முழுதாக ஆளவில்லை, இடித்தவரும் ஆளவில்லை; லாபம் மூன்றாமவருக்கு. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல.

இன்று கிருஷ்ணன்கோட்டை, கோட்டைமுறி என்ற ஊர்ப்பெயர்களில்தான் அந்த மதில் அதிகமாக வாழ்கிறது. மண் சுமந்த ஆயிரமாயிரம் கூலிகளின் பெயர் எதிலும் இல்லை. மாரியோ விளையாட்டில் அந்த வொம்ப் கூட்டத்தின் ராஜா ஒரு குறை சொல்லும்: உங்கள் வீடும் கோட்டையும் சாலையும் எங்களால் ஆனவை; எங்கள் மேலேயே நடக்கிறீர்கள், ஒரு நன்றி உண்டா என்று. விளையாட்டுப் பேச்சுதான், நெடுங்கோட்டைக்கு மண் சுமந்தவன் கேட்டாலும் இதைத்தான் கேட்பான்.

பெரியாற்று மதில்

மூன்றாவது மதில் ஆற்றை மறித்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. வெள்ளத்திலும் காட்டுக் காய்ச்சலிலும் மாண்ட தொழிலாளர் பலர். மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகைப் பாசன நாட்டுக்குச் சோறு போட்டது.

ஒரே மதில், இரண்டு முகம். கிழக்கே நிற்பவனுக்கு அது தாய். அடிவாரத்தில் இருப்பவனுக்கு அது அச்சம். அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவதும், அந்தத் தேவையை மறுப்பதும் ஒரே அளவு தவறு. 2011 டிசம்பரில் இந்த வழக்கு தெருவுக்கு வந்தபோது குமுளி எல்லை அடைபட்டது. அடி வாங்கியது அரசுகள் அல்ல. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பெண்களும், எல்லைக்கு அப்பால் கடை வைத்திருந்த மலையாளிகளும்தான். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் அடியை அளந்துவிட்டது. மனசை அளக்க வேண்டியவர்கள் இரு பக்கமும் வாழ்கிற நாம்தான்.

கோடு என்னும் மதில்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. நேசமணி முதலானோர் போராடியும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. காகிதத்தில் போட்ட கோடு சோதனைச்சாவடியாக எழும்பியது. வாளையாரில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற காலத்தை வணிகர் எவரும் மறக்க மாட்டார். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த விற்பனைவரிச் சாவடிகள் எடுபட்டன. அப்பாடா என்று மூச்சு விட்டோம். 2020-இல் கொரோனா வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாத மக்கள் அதே வாளையாரில் குழந்தை குட்டிகளோடு வெயிலில் நின்றார்கள். எடுத்த மதில் ஒரே இரவில் திரும்பவும் முளைத்தது. ஜப்பானியர் சொன்ன அந்தச் சுவரைப் போலத்தான்.

மதிலின் முதுகு எங்கே?

சமண நூல்கள் வினையை எட்டாக வகுக்கின்றன. அவற்றில் மறிப்பதற்கென்றே ஒன்று உண்டு, பெயர் அந்தராயம். ஈகை, பேறு, போகம், உபபோகம், வீரியம் ஆகிய ஐந்தையும் தடுப்பது அது. இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் உவமை பொக்கிஷக்காரன். அரசன் கொடு என்று சொல்லிவிட்டான். கொடுக்க மனமில்லாத பொக்கிஷக்காரன் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்கிறான். பொருள் இருக்கிறது, உரிமை இருக்கிறது, கைக்கு வரவில்லை. பிறர்க்குச் செய்த தடையே நமக்குத் தடையாகத் திரும்பும் என்பது கருத்து.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. பெட்டி நிறையப் பொருள், சாவி நம் கையில், திறந்து கொடுக்கவில்லை. இந்த மதிலை மலையாளம் கட்டவில்லை, அரசும் கட்டவில்லை. தினம் அரைமணி நேரம் ஒதுக்காத நாமே கட்டியது. அதுபோல, அண்டை வீட்டாரின் மொழியைப் படிக்க மறுப்பதும் நாம் எழுப்பும் மதிலே.

மகாகவி குமாரன் ஆசான் 'வீணபூவு' என்ற புகழ்பெற்ற மலையாளக் கவிதையை 1907-இல் எழுதியது இதே ஜைனமேட்டில் என்று சொல்வர். வணிகம் செய்ய வந்த சமணரின் இருப்பிடத்தில் மலையாளக் கவிதை மலர்ந்தது. யாரும் யாரையும் மறிக்கவில்லை. மதில்களின் வரலாறு நீளமானது. அதைவிட நீளமானது வாசல்களின் வரலாறு. முகப்பில் மோதி எந்த மதிலையும் வென்றவர் குறைவு. அடியில் தட்டத் தெரிந்தவர் கடந்து போனார்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்தும் சொல்லிக் கொடுப்போம். அதுவே அந்தத் தட்டும் கோல்.

வாழ்க தமிழ்! வளர்க அண்டை அயல் நேயம்!