மீதியை வெள்ளித்திரையில் காண்க: ஜொகூர்த் தமிழரும் திரைப்பட முன்னோட்டமும்

பழைய தமிழ்ப் படங்களின் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால், பாடல்களுக்கு முன்பாகக் கதைச் சுருக்கம் இருக்கும். நாயகன் பொய்ப் பழி சுமந்து சிறைக்குப் போவான். நாயகி ஊர் விட்டு ஊர் அலைவாள். வில்லனின் கை ஓங்கி நிற்கும். சரியாக அந்த இடத்தில் கதையை நிறுத்தி, நாயகி மீண்டாளா, நீதி வென்றதா என்று இரண்டு மூன்று கேள்விகளை அடுக்கி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். தமிழில் திரைப்பட முன்னோட்டத்தின் வரலாற்றை இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். படச்சுருளில் வெட்டி ஒட்டிய முன்னோட்டம் பின்னால் வந்தது. எவ்வளவு சொல்வது, எங்கே வாயை மூடுவது என்ற கலைத் தீர்மானம் அதற்கு முன்பே இங்கே எடுக்கப்பட்டுவிட்டது.

ஜொகூரை ஆய்வுக்களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. சென்னையில் வெளியான படம் கப்பலேறி சிங்கப்பூர் வந்து, பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்கும், அங்கிருந்து குளுவாங், சிகாமட், மூவார் பட்டணங்களுக்கும், கடைசியாகத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. படத்தின் பெயர் வந்த நாளுக்கும் படம் வந்த நாளுக்கும் இடையே நீண்ட காத்திருப்பு. முன்னோட்டக் கலை வாழ்வது அந்த இடைவெளியில்தான்.

உலக வரலாற்றில் திரைப்பட அரங்கில் காட்டிய முதல் முன்னோட்டங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது 1913இல் நியூயார்க்கில் நில்ஸ் கிரான்லண்ட் தயாரித்த துண்டுப்படம். அது விளம்பரப்படுத்தியது ஒரு மேடை இசை நாடகத்தை. தொடக்கத்தில் இவற்றைப் படம் முடிந்த பிறகே காட்டினார்கள். 1919இல் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் நிறுவனம் தோன்றியபின் அமெரிக்க முன்னோட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. அந்த அச்சை உடைத்தவர்களில் ஹிட்ச்காக் முக்கியமானவர். 1960இன் ‘சைக்கோ’ முன்னோட்டத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேலாக அவரே அரங்க அமைப்புக்குள் நடந்து, இங்கே இன்னது நடந்தது என்று பாதி சொல்லிப் பாதி விழுங்குகிறார். படக்காட்சிகள் அதில் இல்லை. முன்னோட்டத்துக்கென்றே தனியாக எடுத்தது. ஜப்பானிய ஸ்டுடியோக்களில் முன்னோட்டம் தயாரிக்கும் பொறுப்பு உதவி இயக்குநர்களிடம் இருந்தது. நாளைய இயக்குநர்களுக்கு அது பயிற்சிக்களமாகவும் ஆனது.

தமிழகத்தில் நிலைமை வேறு. 1905 முதல் ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே, படத்தை அறிவிப்பது தெருவின் வேலை. மாட்டு வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, பறையோ பேண்டோ முழங்க, நோட்டீசை வீசிக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளியாகிப் பேசும்படம் வந்ததும் பாட்டுப் புத்தகம் பெருகியது. இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம். மலிவுத் தாள், மங்கிய அட்டை. ஆனால் கதைச் சுருக்கம் எழுதியவரின் கை தேர்ந்த கை. உச்சத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தத் தெரிந்திருந்தது. 1948இல் ‘சந்திரலேகா’வுக்கு எஸ்.எஸ். வாசன் செய்த விளம்பரம் இந்தக் கலையைத் தொழிலாக்கியது. ஜெமினி ஸ்டுடியோவை நடத்தியவர் ‘ஆனந்த விகட’னையும் நடத்தினார். வாசகரை அடுத்த வாரம் வரை காக்க வைப்பது அவருக்குப் பழகிய வேலை. முழுப் பக்கப் பத்திரிகை விளம்பரங்களும் பிரம்மாண்டமான சுவரொட்டிகளும் படம் வருமுன்பே அதன் முரசு நடனத்தைப் பேச்சாக்கின.

ஜொகூர்த் தோட்டங்களுக்கு இந்த அறிவிப்பெல்லாம் வேறு வரிசையில் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ ஆகியவற்றின் பட விளம்பரங்களைப் படிக்கத் தெரிந்தவர் லயத்தில் சிலரே. அவர்கள் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். பட்டணம் போய் வந்தவர் பார்த்த கதையைச் சொல்வார். முடிவைச் சொல்லக் கூடாது என்று கேட்பவர்களே தடுப்பதும் உண்டு. பிறகொரு நாள், திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டியபோது, கதையை ஏற்கெனவே பாதி அறிந்த கூட்டம் அங்கே உட்கார்ந்திருந்தது. இந்த வாய்மொழி முன்னோட்டத்துக்கு ஆவணம் கிடையாது. இருந்தும் அதைத் தவிர்த்துவிட்டு மலேசியத் தமிழரின் திரைப்பட வரலாற்றை எழுத முடியாது என்றே கருதுகிறேன்.

கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் திடல் திரைக்கு இன்னொரு பயன் வந்தது. 1946இல் அமைந்த மலாயா திரைப்படப் பிரிவின் செய்திப் படங்களை அரசு வேன்கள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டுபோயின. அந்தக் கிளர்ச்சி நெடுங்காலம் நீடித்த பகுதிகளில் ஜொகூரும் ஒன்று. தமிழ் விளக்கவுரையோடு ஓடிய அந்தப் படங்களில் அறிவிப்பாளரின் குரலுக்குக் கட்டளையின் தொனி. படத்தை அறிவிக்க வந்த ஒலிபெருக்கியின் குரலிலோ கொஞ்சலும் சவாலும் கலந்திருந்தன. இரண்டையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு வேறுபாடு காதிலேயே தெரியும்.

குரலே முன்னோட்டமானதற்குத் தமிழ்கூறு நல்லுலகில் சிறந்த சான்று இலங்கை வானொலி. அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மின்னல் வேகத்தில் பேசிப் படங்களை அறிமுகம் செய்ததைக் கேட்க, படம் பார்க்கும் எண்ணமே இல்லாதவர்களும் காத்திருந்தார்கள். பிம்பம் ஒன்றுகூட இல்லாமல், ஒரு பாடல் துண்டு, ஒரு வசனம், நடுவே அறிவிப்பாளரின் மூச்சு: இவ்வளவுதான். அரங்குகளில் கண்ணாடி ஸ்லைடும் ‘விரைவில் வருகிறது’ என்ற எழுத்தும் செய்ததைவிட இது அதிகம் செய்தது.

1973 மே 11இல் வெளியான ‘உலகம் சுற்றும் வாலிபன்’ தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டிய படம். சுவரொட்டி வரி உயர்த்தப்பட்டபோது எம்.ஜி.ஆர் தரப்பு ஸ்டிக்கர்களை அச்சிட்டு ஒட்டியது. கையகல வடிவத்தில் படத்தின் பெயர் வீட்டுக் கதவு வரை வந்தது. ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியோடு சிங்கப்பூரும் அந்தப் படத்தில் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு, தாங்கள் வேலைக்கும் சாமான் வாங்கவும் போய்வந்த பட்டணம் எம்.ஜி.ஆரோடு திரையில் நின்றது. படத்தின் முடிவில் அடுத்த படமாகக் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ அறிவிக்கப்பட்டது. 1913இன் பழைய வழக்கம் போலப் படத்தின் வாலில் வந்த முன்னறிவிப்பு அது. அந்தப் படம் எம்.ஜி.ஆர் வாழ்ந்த காலத்தில் வரவே இல்லை.

தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வந்த காலத்தை விரைந்து கடக்கலாம். ஜொகூர் வீடுகளின் ஆன்டெனா சிங்கப்பூர் அலைவரிசைகளையும் பிடித்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வானவில் என்ற தமிழ் அலைவரிசை வந்தபின் முன்னோட்டம் நாள்தோறும் வீட்டுக்குள் ஓடியது. அளவு கூடியது, கலை அப்படியே நின்றது.

திருப்பம் யூடியூபில் நிகழ்ந்தது. 2016 மே 1இல் வெளியான ‘கபாலி’யின் டீசர் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டியது. மலேசியத் தமிழர் கதை, பா. இரஞ்சித் இயக்கம். யார் அந்தக் கபாலி, வரச் சொல் என்று எதிரிக் கூட்டத்தின் குரல்தான் முதலில் கேட்கிறது. பாட்டுப் புத்தகத்தின் கடைசிக் கேள்வி இங்கே முதல் வரியாகிவிட்டது. கோட்டு சூட்டும் நரைத்த தாடியுமாக ரஜினி நடந்து வருகிறார். பழைய படங்களில் வில்லன் நடிகர் நம்பியார் அதட்டியதும் குனிந்து நிற்கும் அடியாளா நான் என்று கேட்கிறார். அந்த ஒரு வசனம் வேலை செய்ய, பார்ப்பவருக்கு நம்பியார் படங்கள் நினைவிருக்க வேண்டும். திடலிலும் கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் சேர்ந்த நினைவை டீசர் கைமாற்றுக் கடனாக எடுத்து, கோட்டு அணிந்த தோட்டத் தமிழனின் நிமிர்வாகத் திருப்பிக் கொடுக்கிறது. இளமைத் தோற்றம் ஒரு மின்னல் நேரம் வந்து மறைகிறது. ‘மகிழ்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லும் வந்துவிடுகிறது. குடும்பம், இழப்பு, தேடல் எதையும் டீசர் சொல்வதில்லை. படத்தின் இதயமோ அவைதான். தமிழில் இதைவிடச் செறிவான முன்னோட்டம் குறைவு என்பேன். அடுத்த ஆண்டு ‘மெர்சல்’ டீசர் வந்தபோது பேச்சு முழுக்க விருப்பக்குறிகளின் எண்ணிக்கை பற்றியதாகிவிட்டது; எங்கே வெட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்று கேட்பார் குறைந்தார்கள். 2020 நவம்பர் 7இல் வந்த ‘விக்ரம்’ தலைப்பு அறிவிப்புக் காணொளி, படத்தின் காட்சிகளைத் தொகுக்காமல் தனித்த ஒரு காட்சியாகவே அமைந்து, ஹிட்ச்காக் வழியை நினைவூட்டியது.

கைப்பேசிக்கு நேராக வரும் டீசர் ஒரு பாதை. அரங்கில் ஓடுவது இன்னொரு பாதை. மலேசியத் திரையரங்கில் முன்னோட்டமும் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் விளம்பரப் பொருள்களையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. முழுப் படமும் நாட்டுக்கு நாடு வேறுபடலாம்: ‘கபாலி’யின் முடிவைச் சென்னை ரசிகர் துப்பாக்கிச் சத்தத்தோடு ஊகத்துக்கு விட்டுக் கலைந்தார். மலேசிய அரங்குகளில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்து வந்தது. மீதியை வெள்ளித்திரையில் காணச் சொன்னவர்களால், எந்த நாட்டு வெள்ளித்திரையில் எந்த மீதி என்று சொல்லியிருக்க முடியாது.

மலேசியத் தமிழ்ப் படங்களின் முன்னோட்டம் எதிர்கொள்வது வேறொரு சிக்கல். தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) ஆகியவற்றிடம் தாமதமாகக் காட்டிக் கைதட்டல் வாங்க ஒரு நட்சத்திர முகம் இல்லை. அவை காட்ட வேண்டியது இடத்தை, கேட்க வைக்க வேண்டியது மலாய்ச் சொல் கலந்த நம் பேச்சை. தோட்டம் துண்டாடப்பட்டபின் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த குடும்பத்தின் சிறுவன்தான் ‘ஜகா’ட்டின் மையம். 2016இல் சிறந்த மலேசியத் திரைப்பட விருதும் அதற்குக் கிடைத்தது. ஜொகூரின் கூலாயிலோ உலு திராமிலோ வளர்ந்த ஒருவருக்கு, அந்தச் சிறுவன் வாயைத் திறந்து பேசும் முதல் வாக்கியமே போதும், சீட்டு வாங்க.