கரியும் கரியமாணிக்கமும்



புதுவையில் நான் பள்ளியில் பயின்ற நாளில், பென்சிலைச் சீவும்போது உதிரும் கரித்தூளை விரலால் தேய்த்து விளையாடுவதுண்டு. அது ஏன் அத்தனை வழுவழுப்பு என்று அன்று எண்ணியதில்லை. கிராபைட் என்னும் அக்கரியைக் களிமண்ணோடு கலந்து சுட்டு, இன்றைய பென்சிலுக்கு வழி வகுத்தவர் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1795. போரினால் இங்கிலாந்துக் கிராபைட் வராது போன தட்டுப்பாடே அவரை அம்முயற்சியில் புகுத்தியது. அக்கரியினுள் எலெக்ட்ரான்கள் இயங்கும் முறையைத் துருவி ஆராய்ந்தவருள் முன்னவரோ ஒரு தமிழர்.

அவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். கரியை ஆராய்ந்தவருக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தார். 1928-இல் ராமன் விளைவு வெளிப்பட்டபோது ராமனுடன் உழைத்தவர் என்றே பலரும் அவரை அறிவர். அது அவர் பெருமையில் ஒரு பாதி என்பேன்.

மற்றப் பாதியைக் காண 1930-களின் கல்கத்தாவுக்குச் செல்லவேண்டும். சிறியதொரு படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அது திரும்ப முயலும் விசையை அளப்பது அவர் கையாண்ட முறை. கிராபைட்டில் அணுக்கள் அறுகோண வலைபோல் படலம் படலமாக அடுக்கப்பட்டுள்ளன. படலத்துக்குச் செங்குத்தான திசையில், காந்தத்தால் விலக்கப்படும் தன்மை, படலத்தின் வழியே உள்ளதைக் காட்டிலும் 40 மடங்குக்கும் மிகுதி! காரணம் யாது? கரியணுவின் வெளி எலெக்ட்ரான்கள் நான்கு. மூன்று, பக்கத்து அணுக்களைப் பிணைக்கின்றன. நான்காவதோ கட்டின்றிப் படலத்தின் மீது உலவுகிறது. கங்கூலி என்பவருடன் 1939-இல் மின்கடத்தலையும் ஆராய்ந்தார்; அதுவும் படலத்தின் வழியே மிகுதியாகவும், குறுக்கே மிகக் குறைவாகவும் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத துகளாயின் அதனை இழையில் கட்டுவது எங்ஙனம்? 1944-இல் அமெரிக்காவில் ஹில்லியரும் பேக்கரும் வேறொரு வழி கண்டனர். நுண்ணிய பொருளினூடே எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, வெளிவரும் எலெக்ட்ரான்கள் இழந்த ஆற்றலை அளந்தனர். வழிச்செல்வோன் பையில் குறைந்த காசைக் கொண்டு, அவன் கடந்த சுங்கச்சாவடி எதுவெனக் கூறுவது போன்றது இது. கரியணுவின் உள் எலெக்ட்ரானைக் கிளப்ப ஏறத்தாழ 284 எலெக்ட்ரான்-வோல்ட் வேண்டும். கிராபைட்டில் 285 அளவில் ஒரு கூரிய முகடு தோன்றுகிறது; கிளம்பிய எலெக்ட்ரான், அந்த நான்காம் எலெக்ட்ரானின் உறவால் விளைந்த காலியிடத்தில் புகுவதன் அடையாளம் அது.

வைரமும் கரியே. ஆனால் அதில் நான்கு எலெக்ட்ரான்களும் பிணைப்பில் கட்டுண்டவை. தூய வைரத்தில் அம்முகடு இல்லை.