கட்டியாகத் தோன்றும் வயிற்றுக் காசநோய்

குடல், வயிற்று உறை, நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றைத் தாக்கி, புற்றுநோய் போலத் தோற்றமளிக்கும் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் திரண்டால் வலது அடிவயிற்றில் கட்டியாகத் தட்டுப்படும். குடல் புற்று என்றே ஐயம் எழும். பெண்களிடம் குழப்பம் இன்னும் கூடுதல்: வயிற்றில் நீர் கோத்து, ரத்தத்தில் சிஏ-125 என்னும் புரதத்தின் அளவும் உயர்வதால் சினைப்பைப் புற்றுநோய் எனக் கருதி அறுவை சிகிச்சை வரை போவதுண்டு. அந்த அளவு இரண்டு நோயிலும் உயரும். அதை மட்டும் நம்புவது தவறு. ஸ்கேனும் பாதித்த இடத்தைத்தான் காட்டும், எந்த நோய் என்பதை அல்ல. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்பதும், நெஞ்சு எக்ஸ்ரே சீராக இருப்பதும் இந்நோயை விலக்கிவிடா.

தீர்ப்புச் சொல்வது திசுப் பரிசோதனை. கொலனோஸ்கோப்பி அல்லது லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்த திசுவில் தயிர்போல் நைந்த நடுப்பகுதியுடைய கிரானுலோமா, கிருமி வளர்ப்பு, மரபணுச் சோதனை ஆகியவை பார்க்கப்படும். கோத்த நீரில் ஏடிஏ நொதி மிகுந்திருப்பதும் துணைச்சான்று.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் 1997ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, வயிற்றுக் காசநோய்க்கு 6 மாத மருந்தே 12 மாத மருந்துக்கு ஈடாகப் பலன் தருவதைக் காட்டியது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசம்.