யான் ஹுஸ் (ஏறத்தாழ 1370–1415)

பொஹீமியாவின் செக் இனக் குரு, இறையியலாளர், ஹுசியர் இயக்கத்தின் மூலவர். 1402 முதல் பிராக் நகரின் பெத்லகேம் சிற்றாலயத்தில் செக் மொழியில் மறையுரையாற்றினார். ஆங்கிலேய இறையியலாளர் ஜான் விக்ளிஃபின் கருத்துகள் பலவற்றை ஏற்றாலும் அவருடைய நற்கருணைக் கொள்கையை ஏற்கவில்லை. 1412இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்ததால் அரசர் வென்செஸ்லாசின் ஆதரவை இழந்தார். ஜெர்மானிய அரசர் சிகிஸ்மண்ட் அளித்த பாதுகாப்புறுதியுடன் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்துக்குச் சென்றவர் சிறையிடப்பட்டு, திரிபுக் கொள்கையர் எனத் தீர்ப்பிடப்பட்டு, 1415 ஜூலை 6 அன்று, பேயுருவங்கள் வரைந்த காகிதத் தொப்பி அணிவிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். சாம்பல் ரைன் ஆற்றில் கொட்டப்பட்டது.

ஹுசியர்: பொதுநிலையினருக்கும் கிண்ணத்தில் திராட்சை இரசம் வழங்குவது இவ்வியக்கத்தின் அடையாளம். இவ்வழக்கத்தைத் தொடங்கியவர் ஹுஸ் அல்லர்; அவருடைய தோழர் யாகூபெக். 1420இல் இயக்கத்தின் கோரிக்கைகளான பிராக் நான்கு கூற்றுகள் வெளியாயின. தீவிரவாதத் தபோரியர், மிதவாத உத்ராகுவிஸ்டுகள் என இரு பெரும் பிரிவுகள் உருவாயின. ஹுசியர் படைத்தலைவர் யான் ஜிஷ்கா, வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டைபோல நிறுத்தி, உள்ளிருந்து துப்பாக்கியாலும் குறுக்கு வில்லாலும் தாக்கும் முறையைக் கையாண்டார். ஹுசியருக்கு எதிரான 1420–1431 காலத்துச் சிலுவைப்போர்கள் முறியடிக்கப்பட்டன. தபோரியரை வீழ்த்தியவர்கள் 1434இல் லிபானியில் கத்தோலிக்கருடன் சேர்ந்த மிதவாதிகளே. 1436 உடன்படிக்கை கிண்ண உரிமையை ஏற்றது. 1457இல் தோன்றிய சகோதரர் ஐக்கியத்தின் வழிவந்த மொராவியச் சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தனர்.