இளம் துருவ ஆய்வாளர் சங்கம்

துருவங்களிலும் பிற பனிப்பகுதிகளிலும் ஆய்வு தொடங்கும் மாணவர்களையும் இளம் அறிவியலாளர்களையும் இணைக்கும் பன்னாட்டு அமைப்பு, சுருக்கமாக 'ஏபெக்ஸ்'. 2007-08 பன்னாட்டுத் துருவ ஆண்டையொட்டி உருவானது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை. மூத்த ஆய்வாளர்களின் வழிகாட்டல், இணையவழிக் கருத்தரங்குகள், பயிலரங்குகள் ஆகியவை இதன் முக்கியப் பணிகள். ஊரில் கேட்க ஆளில்லாத ஐயத்தை வேறு நாட்டு ஆய்வாளரிடம் கேட்க முடிவதே இதன் பெரும்பயன்.

இந்தியாவும் துருவ ஆய்வில் ஈடுபட்டுள்ளது; அதன் முதல் அண்டார்டிகா பயணம் 1981-இல் கோவாவிலிருந்து புறப்பட்டது. மைத்ரி (1989), பாரதி (2012) நிலையங்கள் அண்டார்டிகாவிலும், ஹிமாத்ரி (2008) ஆர்க்டிக்கிலும் உள்ளன. இவற்றைக் கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அம்மையத்துடன் சேர்ந்து, 2014-இல் ஆர்க்டிக்கின் காங்ஸ்ஃபியோர்டன் கடல் நுழைவின் நீரடியில் 'இண்ட்ஆர்க்' என்ற கண்காணிப்புக் கருவித்தொகுதியை நிறுவியது.

கடலும் பனியும் இல்லாத நாமக்கல் மாவட்டத்துக்கும் துருவ ஆய்வில் இடமுண்டு. இம்மாவட்டச் சித்தம்பூண்டியின் அனார்தோசைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பண்டைய கோண்டுவானாப் பெருநிலத்தில் தென்னிந்தியாவும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. எனவே, இப்பகுதியின் தொல்பாறைகளைப் படிக்கும் மாணவர் அண்டார்டிகப் பாறைகளோடு அவற்றை ஒப்பிட்டு ஆராயலாம்.