மின்கிதார்க் காலம்: ஜீன் கிளார்க்கின் ஒரு பாடல்

பேர்ட்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழுவிலிருந்து பாடகர் ஜீன் கிளார்க் 1966இல் விலகிய நிகழ்ச்சியே இவ்வாரத்திற்கென அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் அந்த விலகலால் குழு எதை இழந்தது என்பதை அறிய, அவர் இயற்றிய ‘செட் யூ ஃப்ரீ திஸ் டைம்’ என்னும் பாடலை முதலில் அறிந்தாக வேண்டும்.

1965 ஆகஸ்டில் குழு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது கிளார்க் இதை எழுதினார். நாட்டார் பாடலின் மெட்டையும் மொழியையும் மின்கிதார், டிரம்ஸ் ஆகியவற்றோடு இணைத்த ‘ஃபோக் ராக்’ என்னும் இசைவகைக்கு அப்போது பேர்ட்ஸ் குழுவே முகவரியாக இருந்தது. குழுவுக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவை பாப் டிலனின் பாடலொன்றும், பைபிள் வரிகளுக்குப் பீட் சீகர் அமைத்த மெட்டும் ஆகும். அவ்விரண்டும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது, குழுவுக்குள்ளேயே அவர்களுக்கு நிகரான கவிஞர் ஒருவர் கையில் டாம்பரினுடன் நின்றதைப் பலர் கவனிக்கவில்லை.

அக்குழுவின் அடையாளமான கூட்டுக்குரல் இப்பாடலில் பின்னொதுங்க, கிளார்க்கின் கனத்த குரல் ஏறத்தாழத் தனித்தே ஒலிக்கிறது. பிரிவைப் பேசும் அடிகள் நீண்டு, சொற்கள் நெருங்கி, ஓர் அடியின் பொருள் அடுத்த அடிக்குள் வழிந்தோடுவதால், பாடுபவர் மூச்சை எங்கே முடிப்பார் என்று கேட்பவர் காத்திருக்க நேர்கிறது. ஆறு இணைகளாகக் கட்டப்பட்ட பன்னிரண்டு கம்பிகளைக் கொண்ட, குழுவின் கிதார் கலைஞர் மெக்குயினின் ரிக்கன்பேக்கர் கிதார், பிற பாடல்களில் முன்னின்று ஒலிப்பதுபோலன்றி, இங்கே குரலுக்கு வழிவிட்டு அடங்கி ஒலிக்கிறது. இறுதியில், பாடிய கிளார்க்கே ஹார்மோனிகாவை எடுத்து, சொல்லில் அடங்காத எஞ்சிய துயரை வாசித்து முடிக்கிறார்.

1966 ஜனவரியில் இசைத்தட்டாக வெளிவந்த இப்பாடல் பில்போர்டு பட்டியலில் 79ஆம் இடத்தைத் தாண்டவில்லை. தட்டின் மறுபக்கப் பாடலே இதைவிட மேலேறியது. நடனத்துக்குரிய தாளத்தை எதிர்பார்த்த வானொலிச் சந்தை, நின்று கேட்க வேண்டிய பாடலைப் புறக்கணித்தது பெரும் அநீதியே. டிலனிடம் கற்ற நெடிய மொழியைத் தன் சொந்தத் துயரத்துக்கு உரியதாக்கிய இப்பாடலை, அந்த ஆண்டின் முதல்வரிசைப் படைப்புகளுள் வைப்பதே நியாயம். வாசகர்கள் இதை ஒருமுறை ஹார்மோனிகா ஓயும்வரை கேட்டுவிட்டு வரட்டும். விமானப் பயண அச்சமும் குழுவின் உட்பூசலும் கிளார்க்கை வெளியேற்றிய கதை அடுத்த இதழில் இடம்பெறும்.