14 மாத்திரை பிறந்த கதை

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் விடியற்காலையில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு ‘வாய்வுதான்’ என்பது. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத் தண்ணீர், முதுகில் தைலம். இடது கை கடுத்து வேர்த்துக் கொட்டிய பிறகே வண்டி தேடுவார்கள். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி சுமார் 30 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும்.

அந்த வழிக்காகப் பிறந்தவைதான் இந்த 14 மாத்திரைகள். 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 2, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெல் 4, 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாடின் 8. தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், 2,286 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 8,713 துணை சுகாதார நிலையங்களுக்கும் இவை வந்து சேர்ந்தன.

மாத்திரையின் வேர் பழையது. 1988இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேர் இருந்தார்கள். தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒரு மாதம் சாப்பிட்டவர்களிடையே சாவு ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. விழுங்குவதைவிட மென்றால் சீக்கிரம் வேலை செய்யும்.

மருந்து கிடைத்துவிட்டது. யார் கையால் கொடுப்பது? இதற்கான விடை இன்னும் முன்னால், 1960களில், ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தது. இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால் டாக்டர் ஓடிவரும்வரை நோயாளி தாங்கமாட்டார். அதனால் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பினியோவும் ஈசிஜி படிக்கவும், மின் அதிர்ச்சி கொடுக்கவும் நர்ஸ்களையே பழக்கினார்கள். கட்டிலருகே இருப்பவரை நம்பிய அந்த முடிவு, என் கணக்கில், எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல.

இங்கே அந்த நம்பிக்கையைச் சுமப்பவர் நம் சுகாதார நிலைய சிஸ்டர். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கறுப்பாக மலம் போகிறதா, ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா என்று கேட்பார். முதுகைக் கிழிப்பதுபோல வலிக்கிறதா என்பதையும் விடமாட்டார். மகாதமனி கிழிந்திருந்தால் இதே ஆஸ்பிரின் ஆளைக் கொன்றுவிடலாம். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பொட்டலம் கட்டி வைக்க வேண்டாம். ஈசிஜி, டாக்டரின் சொல், பிறகுதான் மருந்து.

“எந்திரிக்காதீங்கண்ணா, ஸ்ட்ரெச்சர் வருது. இதை மென்னு முழுங்குங்க.”

108 வரும்வரை நாடியிலிருந்து கை எடுக்காமல் நிற்பார். வண்டி கிளம்பும்முன் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதிக் கூடப்போகிறவரிடம் கொடுப்பார். செங்கல்பட்டில் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.